எழுத்தில் இல்லாத மறுப்பு

பத்திரிகை அலுவலகங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பிரதேசச் செய்தியாளர் ஒருவர் முறைப்பாடு ஒன்றைப் பற்றிச் செய்தி அனுப்பினால், செய்தி ஆசிரியர் கேட்கும் முதற் கேள்வி "எழுத்தில் ஏதும் இருக்கிறதா?" என்பதுதான். ஒரு கடிதம், ஒரு சுற்றறிக்கை, ஒரு பற்றுச்சீட்டு, குறைந்தபட்சம் ஒப்பமிட்ட ஒரு மனு. இருந்தால் செய்தி போகும். இல்லாவிட்டால் மறுதரப்பிடம் விளக்கம் கேட்கப்படும். "அப்படி எதுவும் நடக்கவில்லையே" என்று மறுதரப்பு சொல்லும். செய்தி நான்கு வரியாகச் சுருங்கும், அல்லது மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

வழக்கம் நியாயமானதே. ஆதாரமின்றி ஒருவர்மீது குற்றம் சுமத்தும் பத்திரிகை நெடுநாள் நிலைக்காது. ஆனால் இந்தச் சல்லடையில் ஒருபோதும் தங்காமல் ஒழுகிப் போய்விடும் அநியாயங்கள் சில உள்ளன. விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலை மறுக்கப்படுவது அவற்றுள் ஒன்று. அந்த மறுப்பை எவரும் எழுதித் தருவதில்லை.

கல்முனையிலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால், நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் கடந்து அக்கரைப்பற்று வரும். பட்டணத்தின் பெரும்பகுதி முஸ்லிம் மக்களுடையது. அதை ஒட்டியபடியே ஆலையடிவேம்புப் பிரதேச செயலாளர் பிரிவு தொடங்குகிறது. கோளாவில், பனங்காடு, வாச்சிக்குடா, கண்ணகிபுரம், உள்ளே தள்ளி அளிக்கம்பை என்று தமிழ்க் கிராமங்கள். இரு பக்கத்தாருக்கும் வயலும் கடலும்தான் வாழ்வு. பேசுவதும் ஒரே தமிழ். ஆயினும் நிர்வாகம் இரண்டு. ஆலையடிவேம்பின் பாடசாலைகள் திருக்கோவில் கல்வி வலயத்துக்குள் வருகின்றன. பட்டணத்து முஸ்லிம் பாடசாலைகள் அக்கரைப்பற்று வலயத்துக்குள் வருகின்றன. நடுவே சில இடங்களில் ஒரு வீதி மட்டுமே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் பக்கத்தில் ஒரு தாயுடன் நெடுநேரம் பேசக் கிடைத்தது. மகனுக்கு அப்போது எட்டு வயது. கால்கள் இயங்கவில்லை, பேச்சு தெளிவில்லை, ஆனால் சொல்வதெல்லாம் விளங்கும். ஐந்து வயதில் முதலாம் தரத்தில் சேர்ப்பதற்காகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அதிபர் ஏசவில்லை. கதிரை கொடுத்து இருத்தியிருக்கிறார். பிள்ளையின் தலையைத் தடவியிருக்கிறார். பிறகு, "தங்கச்சி, உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன். இங்க பிள்ளையப் பார்க்க ஆள் இல்ல. மற்றப் பிள்ளைகள் தள்ளி விழுத்திப் போடுவாங்கள். கொஞ்சம் வளரட்டும், பார்ப்பம்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருடமும் அதே பதில். அதற்கடுத்த வருடம் அந்தத் தாய் போகவில்லை.

"சேர் நல்ல மனிசன். அவரக் குறை சொல்ல ஏலாது" என்று அந்தத் தாய் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். தனது பிள்ளையின் உரிமை ஒன்று மறுக்கப்பட்டது என்ற எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் உதவி கேட்டதாகவும், அது கிடைக்கவில்லை என்றும்தான் நினைத்திருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு பற்றிய கடிதங்களை ஒரு பொலித்தீன் பையில் பத்திரமாக வைத்திருந்தார். வைத்தியரின் துண்டு, கிராம உத்தியோகத்தரின் சான்று, பிரதேச செயலகத்தின் கடிதம் எல்லாம் இருந்தன. பாடசாலை தொடர்பாக அந்தப் பைக்குள் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளையொன்று பாடசாலை வாசலுக்குப் போய்த் திரும்பிய கதைக்கு அந்த நாட்டில் எந்தப் பதிவும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். இலங்கையில் இலவசக் கல்வி 1945 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டாயக் கல்வி பற்றிய ஒழுங்குவிதிகள் 1998 இல் நடைமுறைக்கு வந்தபோது 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பாடசாலை செல்வது கட்டாயமாயிற்று; 2016 இல் இது 16 வயது வரை நீடிக்கப்பட்டது. வீட்டிலே பிள்ளையை நிறுத்திவைக்கும் பெற்றோரைக் கேள்வி கேட்க இந்த விதிகளில் இடமுண்டு. பெற்றோர் கொண்டுவந்த பிள்ளையைப் பாடசாலை திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? அதற்குத்தான் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் 23 ஆம் பிரிவு, உடற்குறை அல்லது உளக்குறை காரணமாக எவருக்கும் கல்வி நிறுவனமொன்றில் அனுமதி வழங்குவதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. பாரபட்சம் காட்டப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம் என்கிறது 24 ஆம் பிரிவு. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதுடன், மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்காக அரசு விசேட ஏற்பாடுகள் செய்யலாம் என்றும் கூறுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007 இல் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்தச் சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை முழுவதும் கல்வியைப் பற்றியது. பொதுக் கல்வி முறைக்குள்ளேயே, தேவையான உதவிகளுடன் பிள்ளை கற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆகவே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. மறுக்கப்பட்டது என்பதை முதலில் காட்ட வேண்டும். "கொஞ்சம் வளரட்டும், பார்ப்பம்" என்ற சொல்லை எந்த நீதிமன்றத்தில் காட்டுவது? நாளைக்கு விசாரணை என்று ஒன்று வந்தால், "நாங்கள் மறுக்கவில்லையே, அந்த அம்மாதான் பிறகு வரவில்லை" என்று அதே அதிபர் சொல்லலாம். அதில் பொய்யும் இராது.

மறுப்பு வாய்மொழியாக இருப்பதால் வேறொரு விளைவும் உண்டு. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான மக்களில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனுமொரு சிரமம் உடையவர்களாகக் கணக்கிடப்பட்டனர். குடிசனக் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து எண்ணினார். பாடசாலையோ தன் இடாப்பில் இருப்பவர்களை மட்டுமே எண்ணும். இடாப்புக்குள் வராத பிள்ளை கல்வித் திணைக்களத்தின் கண்ணில் பிறக்கவே இல்லை. பயிற்றப்பட்ட விசேட கல்வி ஆசிரியர் வேண்டும் என்று ஒரு வலயம் கேட்க வேண்டுமானால் அதற்குத் தேவை இருக்கிறதெனக் காட்ட வேண்டும். வாசலில் திருப்பப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை எங்கும் இல்லாதவரை அந்தத் தேவையும் காகிதத்தில் இல்லை. ஆசிரியர் இல்லை என்று பிள்ளை திருப்பப்படுகிறது. பிள்ளை இல்லை என்று ஆசிரியர் அனுப்பப்படுவதில்லை. இந்த வட்டத்துக்குள்தான் ஒரு தலைமுறை வளர்ந்து பெரியவர்களாகிவிட்டது.

கிழக்குக் கரைக்கு இதில் தனித்த ஒரு வரலாறும் உண்டு. இலங்கையில் கேட்டல், பார்வைக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கான கல்வி, மேரி சப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி 1912 இல் ஆரம்பித்த பாடசாலையுடன் தொடங்கிற்று. அது இரத்மலானையில் இன்றும் இயங்குகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956 இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை உருவாயிற்று. இரண்டும் பெரும் பணி செய்த நிறுவனங்கள். ஆனால் ஆலையடிவேம்பிலிருந்து பார்த்தால் ஒன்று மேற்குக் கரையில், மற்றது வட முனையில். ஐந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் விடுதிக்கு அனுப்பத் துணிந்த பெற்றோர் சிலரே. யுத்த காலத்தில் பாதைகள் மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அந்தச் சிலருக்கும் வழி இருக்கவில்லை. மட்டக்களப்பில் பார்வையற்ற பிள்ளைகளுக்காகத் தரிசனம் போன்ற நிலையங்கள் பின்னாளில் எழுந்தன. அதுவும் அக்கரைப்பற்றிலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல். அன்றாடம் போய்வரும் தூரத்தில் உள்ள சாதாரணப் பாடசாலைதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உள்ள ஒரே வழி. அந்த வழியும் அடைபட்டால் மிச்சமிருப்பது வீட்டுத் திண்ணை மட்டுமே.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேதான், பத்தாயிரத்துக்கும் மேல். உடைந்த பாடசாலைகள் பின்னர் புதிதாகக் கட்டப்பட்டன. அந்த வேளையில்தான், 2006 ஒக்டோபரில், பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் செல்லத்தக்க வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. அவை நடைமுறைக்கு வரவில்லை என்று உயர் நீதிமன்றம் சென்றவர் கலாநிதி அஜித் பெரேரா. 1992 இல் ஓடிக்கொண்டிருந்த அவரது காரின்மேல் மரம் விழுந்ததில் சக்கர நாற்காலிக்கு வந்தவர். புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று 2011 ஏப்ரல் 27 ஆம் திகதி நீதிமன்றம் கட்டளையிட்டது. தனி மனிதர் ஒருவர் ஒரு வர்த்தமானிப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு செய்த காரியம் அது. அவர் 2020 இல் காலமானார். கரையோரத்தில் நான் பார்த்த புதிய வகுப்பறைக் கட்டடங்கள் சிலவற்றில் சாய்தளம் இருந்தது. ஆனால் வாயிலிலிருந்து அந்தச் சாய்தளம் வரைக்கும் கணுக்கால் புதையும் மணல். மலசலகூடம் நான்கு படிகளுக்கு மேலே. காலையில் வந்து மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும்படி பிள்ளைக்குச் சொல்லி அனுப்பும் தாய்மாரை எனக்குத் தெரியும். இவையும் மறுப்பின் வகைகளே. பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்கும். பிள்ளை மெல்ல மெல்ல வராமற் போகும்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளின் கதை வேறு. எழுத்துக்கள் இடம்மாறித் தெரிகிற வாசிப்புக் குறைபாடு உடைய பிள்ளை, ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை, ஓட்டிசம் என்று இன்று நாம் அழைக்கும் நிலையில் உள்ள பிள்ளை. இவர்களைப் பாடசாலை சேர்த்துக்கொள்ளும். கடைசி வாங்கில் இருத்தும். "மொக்கு" என்று பெயரும் வைக்கும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது அந்தப் பிள்ளை வராதிருப்பதே நல்லது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பிள்ளைக்கு விளங்கிவிடும். விசேட கல்வி அலகு இருக்கும் பாடசாலைகளிலும், அது சில வேளைகளில் மைதானத்து ஓரத்தில் ஒரு தனியறையாக, ஆறு வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒன்றாக இருக்கும் இடமாக முடிந்துவிடுகிறது. அங்கே நியமிக்கப்பட்ட ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போனால் அறை பூட்டப்படும்.

அதிபர்களின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை, உதவியாளர் இல்லை, பெறுபேறு குறைந்தால் வலயத்தில் கேள்வி, பிள்ளை விழுந்து அடிபட்டால் ஊரே திரண்டு வரும். "பார்ப்பம்" என்று சொல்லும் அதிபரிடம் பெரும்பாலும் வன்மம் இல்லை. அவரிடம் இருப்பது பயமும் வசதியின்மையும். இங்கேதான் எழுத்தின் பயன் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. "பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லை, சக்கர நாற்காலி செல்லும் மலசலகூடம் இல்லை, ஆகவே இப்போது சேர்க்க முடியவில்லை" என்று அதே அதிபர் ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும்? குற்றம் அவருடைய தலையிலிருந்து இறங்கிவிடும். இல்லாதவை எவை என்ற பட்டியல் வலயக் கல்விப் பணிப்பாளரின் மேசைக்குப் போகும். அங்கிருந்து மாகாணத்துக்குப் போகும். ஒரு பிள்ளையின் குறையாக இருந்தது அரசின் குறையாக மாறும். அந்தக் கடிதம் தாய்க்கு எவ்வளவு தேவையோ, அதிபருக்கும் அவ்வளவு தேவை.

உலகின் வேறு இடங்களில் சட்டங்கள் இதைத்தான் செய்தன. அமெரிக்காவில் 1975 இல் வந்த சட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியான எழுத்துமூலக் கல்வித் திட்டம் இருக்க வேண்டும் என்றது. பெற்றோர் கேட்டதைப் பாடசாலை மறுத்தால், காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். இங்கிலாந்தில் 1981 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளையின் தேவைகளை ஒரு கூற்றாக எழுதிவைக்கச் செய்தது. 2014 இல் அதன் இடத்துக்குக் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் இணைத்த திட்டம் வந்தது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவில் 1980 இன் சட்டத் திருத்தம் விசேட கல்வியைப் பாடசாலைச் சபைகளின் கடமையாக்கிற்று. அங்கே ஒரு தாய் அதிபருக்கு எழுத்தில் கேட்டால், 15 நாட்களுக்குள் அதிபர் எழுத்தில் பதில் தர வேண்டும். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டம், வரையறுக்கப்பட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு அயலிலுள்ள பாடசாலையிலோ, விரும்பினால் விசேட பாடசாலையிலோ இலவசமாகக் கற்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த நாடுகளிலெல்லாம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அங்கும் பெற்றோர் அலைகிறார்கள், அழுகிறார்கள். ஆனால் அவர்களின் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. அதைக் காட்டி அடுத்த படிக்குப் போகிறார்கள்.

இலங்கையிலும் அடுத்த படிகள் இல்லாமல் இல்லை. அனுமதி கோரும் விண்ணப்பத்தை இரண்டு பிரதிகளாகத் தமிழில் எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியும் ஒப்பமும் வாங்கிக்கொள்ளலாம். ஒப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தபால் பற்றுச்சீட்டும் ஓர் ஆவணமே. பதில் இல்லாவிட்டால் அந்தப் பிரதியுடன் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த வலயத்தில் விசேட கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பாடசாலைகளில் இருக்கிறார்கள், என் பிள்ளையின் விண்ணப்பத்துக்கு என்ன முடிவு என்று கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையில் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாத காலமே உண்டு. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இதை அறிந்த தாய்மார் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

வீதிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் இருக்கும் இரு வலயங்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கேட்கும் திறனற்ற பிள்ளைக்குச் சைகை ஒரு மொழி. அதற்குச் சமயம் கிடையாது. முஸ்லிம் பாடசாலையில் பயிற்றப்பட்ட ஓர் ஆசிரியை இருந்து, அரைக் கிலோமீற்றரில் தமிழ்ப் பிள்ளையொன்று வீட்டில் இருக்குமானால், அல்லது அதன் மறுதலையாக இருக்குமானால், வலய எல்லை குறுக்கே நிற்கக் கூடாது. அரிசியும் மீனும் அந்த வீதியைத் தினமும் கடக்கின்றன. ஓர் ஆசிரியையின் சேவையும் கடக்கலாம்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களில் பலர் ஊருக்குச் சக்கர நாற்காலி வாங்கி அனுப்புகிறவர்கள். அந்த நற்பணியை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. அதனுடன் சேர்த்து ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் ஊரில், உங்கள் உறவில், பாடசாலை போகாத ஒரு பிள்ளையின் தாயுடன் தொலைபேசியில் பேசுங்கள். விண்ணப்பக் கடிதத்தை எழுத அவருக்கு உதவுங்கள். நிழற்பிரதிக்கும் பதிவுத் தபாலுக்கும் கல்முனை போய்வரும் பஸ்சுக்கும் ஆகும் செலவு, ஒரு சக்கர நாற்காலியின் விலையில் மிகச் சிறு பங்கே. அதிபர் அன்பாக, "பார்ப்பம் தங்கச்சி" என்று சொல்லும்போது, அதே அன்புடன் அந்தத் தாயும், "சேர், அதைக் கொஞ்சம் எழுதித் தாங்க" என்று கேட்கப் பழக வேண்டும்.